கன்சோலா, அசெம்பிள் செய்த பிசியா? செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளி போனஸ் வரும் நேரத்திலும் பிளஸ் டூ ரிசல்ட் வரும் நேரத்திலும் இந்தக் கேள்விகள் என்னிடம் வரிசையாக வரும். நண்பர்களுக்கும் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் பிசி அசெம்பிள் செய்து கொடுப்பவன் என்பதால் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். விலைகள் இந்திய ரூபாயில். பிசி பாகங்களுக்குச் சொல்லியிருப்பது 2025 நடுவில் சென்னையின் கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இருந்த சுமாரான நிலவரம். அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதை ரேம் பற்றிய கேள்வியில் பாருங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எது மலிவு?

வாங்கும் நாளில் கன்சோல்தான், அதாவது டிவியில் இணைத்து கேம் ஆடும் பெட்டிதான் மலிவு. 2024 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் டிரைவ் உள்ளது ரூ.54,990, டிஜிட்டல் மாடல் ரூ.44,990. பண்டிகைச் சமயங்களில் சோனியே 5,000 ரூபாய் வரை குறைத்துத் தருவதும் உண்டு. அதே தரத்தில் கேம் ஓட்டும் பிசிக்குப் பெட்டி மட்டுமே 60,000 ரூபாயைத் தாண்டும். மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் எல்லாம் தனி.

ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டால் இந்தப் பதில் மாறலாம், மாறாமலும் போகலாம். நீங்கள் எந்த கேம் ஆடுவீர்கள், வீட்டில் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது.

கன்சோலை மட்டும் எப்படி இவ்வளவு குறைவாக விற்க முடிகிறது?

பெட்டியில் லாபம் பார்ப்பது அவர்களுடைய நோக்கமே இல்லை. 2021-ல் எபிக் என்ற கேம் நிறுவனம் ஆப்பிள் மீது போட்ட வழக்கில் மைக்ரோசாப்ட் துணைத் தலைவர் லோரி ரைட் சாட்சி சொன்னபோது, எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்பனையில் நிறுவனம் ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்றார். 2006-ல் பிளேஸ்டேஷன் 3-ஐ 499, 599 டாலருக்கு விற்றபோது, அதன் உற்பத்திச் செலவு 800 டாலருக்கு மேல் என்று ஐசப்ளை என்ற சந்தை ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. பிளேஸ்டேஷன் 5-இன் டிஸ்க் மாடல் நஷ்டத்தில் விற்கும் நிலையிலிருந்து வெளியே வந்ததாகச் சோனி சொன்னதே 2021 ஆகஸ்டில்தான்.

அந்தப் பணத்தை எங்கே எடுக்கிறார்கள்? அவர்களுடைய ஸ்டோரில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் சுமார் 30 சதவீதம் அவர்களுக்கு. ஆன்லைனில் ஆட சந்தா. கூடுதல் கன்ட்ரோலர். ஆகவே பெட்டியின் விலையை மட்டும் வைத்து கன்சோலையும் பிசியையும் ஒப்பிடுவது பாதிக் கணக்கு.

ஒரு காலத்தில் கன்சோல் வந்து இரண்டு மூன்று வருடம் காத்திருந்தால் விலை இறங்கும். பிளேஸ்டேஷன் 4 அமெரிக்காவில் 2013-ல் 399 டாலர், 2016-ல் ஸ்லிம் வந்தபோது 299. இந்தத் தலைமுறையில் அது தலைகீழாகிவிட்டது. அங்கே 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5-ஐ 2025 ஆகஸ்டில் 549 ஆக்கினார்கள். இந்தியாவிலும் 2021 பிப்ரவரியில் ரூ.49,990-க்கு வந்தது, 2022 நவம்பரில் ரூ.54,990 ஆனது. விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதில் இப்போது பயன் இல்லை.

பிளேஸ்டேஷன் 5-க்கு இணையான பிசி என்றால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

அந்தக் கன்சோலுக்குள் இருப்பது ஏஎம்டியின் எட்டு கோர் ஜென் 2 ப்ராசசர், 36 கம்ப்யூட் யூனிட் உள்ள கிராபிக்ஸ், இரண்டும் பகிர்ந்துகொள்ளும் 16 ஜிபி மெமரி. கடையில் கிடைப்பதை வைத்து அதற்குப் பக்கத்தில் போக வேண்டுமானால் ரைசன் 5 5600 ப்ராசசர் (9,000 முதல் 11,000), பி450 அல்லது பி550 மதர்போர்டு (7,000 முதல் 9,000), 16 ஜிபி டிடிஆர்4 ரேம் (3,500), 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (5,500), பாகங்களுக்குக் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் 550 வாட் எஸ்எம்பிஎஸ் (4,500), காற்றோட்டமுள்ள கேபினெட் (3,500) என்று ஆரம்பிக்கும். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 28,000-ஐ ஒட்டி, ஆர்எக்ஸ் 7600 என்றால் கொஞ்சம் குறையும். கூட்டினால் 60,000 முதல் 65,000.

மானிட்டர் இல்லாதவர் 24 இன்ச்சுக்கு ஒரு 9,000 சேர்க்க வேண்டும். கீபோர்டு, மவுஸுக்கு 2,000. விண்டோஸ் ஒரிஜினல் வாங்கினால் பத்தாயிரத்தை ஒட்டி. ஆக்டிவேட் செய்யாமல் ஓட்டினாலும் கேம் ஓடத்தான் செய்யும் என்பதால் பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால் சேர்க்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. இந்த இரண்டு கார்டுகளும் வேகத்தில் கன்சோலைவிடக் கொஞ்சம் மேல்தான், ஆனால் கார்டில் இருக்கும் மெமரி 8 ஜிபிதான். புதிய பெரிய கேம்களில் டெக்ஸ்சரை (காட்சியின் மேற்பரப்பு நுணுக்கத்தை) உச்சத்தில் வைத்தால் அங்கே முட்டும், ஒரு படி இறக்கி வைக்க வேண்டியிருக்கும்.

கடைக்காரர் 40,000-க்கே கேமிங் பிசி தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

கொட்டேஷனை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். ரிச்சி தெருவில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு, நான் பாகம் வாங்குவதும் அங்கேதான். ஆனால் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டுபவருக்குக் தரத்தைக் குறைக்கும் இடங்கள் எப்போதும் அதே சிலதான், அதனால் அவற்றைத் தெரிந்துகொள்வது சுலபம்.

முதலில் எஸ்எம்பிஎஸ். "கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். கம்பெனி பெயர், மாடல், மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான 80 பிளஸ் பிரான்ஸ் சான்று இவை தனி வரியில் இருக்க வேண்டும். லேபிளில் 500 வாட் என்று ஒட்டியிருக்கும் 900 ரூபாய் சப்ளை கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது தாக்குப்பிடிக்காது. போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு. "ஆர்டிஎக்ஸ் 3050" என்று மட்டும் எழுதியிருந்தால் எத்தனை ஜிபி என்று கேளுங்கள். 2024-ல் வந்த 6 ஜிபி கார்டும் பழைய 8 ஜிபி கார்டும் பெயரில்தான் ஒன்று. மெமரி மட்டும் அல்ல, உள்ளே இருக்கும் கோர்களே 6 ஜிபியில் குறைவு, வேகமும் நன்றாகவே குறையும். ரேமையும் பாருங்கள். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தால் இரண்டு 8 ஜிபியாக மாற்றித் தரச் சொல்லுங்கள், பல கேம்களில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஆன்லைனில் "ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ், கேமிங் பிசி" என்று 15,000, 18,000 ரூபாய்க்கு வரும் பெட்டிகளைத் தொடவே வேண்டாம். அந்த ஐ7 பெரும்பாலும் 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை, கிராபிக்ஸ் ஜிடி 730, அதாவது 2014-ன் சரக்கு. விண்டோஸ் 11 கேட்கும் தகுதி இதற்குக் கிடையாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. பிள்ளையின் ஆசைக்காகச் சேர்த்து வைத்த பணத்தை இதில் போட்டுவிட்டு வந்து நிற்கும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கனக்கிறது.

ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வாரன்டியையும் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். கிராபிக்ஸ் கார்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருட வாரன்டி உண்டு. கன்சோலுக்கு ஒரு வருடம்தான்.

ரேம் விலை ஏறிவிட்டது என்கிறார்களே, இந்தக் கணக்கு இன்னும் பொருந்துமா?

ரேம், எஸ்எஸ்டி வரிகள் பொருந்தாது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களுக்கான தேவை மெமரி சந்தையை உறிஞ்ச ஆரம்பித்தது. ரேமுக்குள் இருக்கும் டிரேம் சிப்புகளில், உலக அளவில் மிகப் பெரும் பகுதியைச் செய்வதே சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள்தான். அதில் மைக்ரான், நம் ஊரிலும் பலர் வாங்கிய குரூஷியல் பிராண்டை நிறுத்தப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. சில மாதங்களில் ரேம் விலை இருமடங்கு, சிலவற்றில் அதற்கும் மேல் போனது. எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறியது.

அசெம்பிள் செய்கிறவருக்கு இது உடனே கையைக் கடிக்கும். கன்சோல் நிறுவனங்கள் மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வாங்குவதால் அவர்கள் பக்கம் அடி தாமதமாக விழும். இப்படி முன்பும் நடந்திருக்கிறது. 2021-ல் கிரிப்டோ மைனிங் ஓடியபோது கிராபிக்ஸ் கார்டுகள் அறிவித்த விலையைப் போல இருமடங்குக்கு விற்றன. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு மைனிங்குக்கு முடிவுகட்டிய பிறகுதான் சந்தை முழுதாகத் தெளிந்தது.

பழைய பிசியில் டிடிஆர்4 ரேம் இருந்தால் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். புதுசு கட்டும்போது அதே ஸ்டிக்கைப் போடலாம். கொட்டேஷனைப் பொறுத்தவரை வாங்கும் வாரத்தில் எடுத்ததை மட்டும் நம்புங்கள்.

ஐந்து வருடக் கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

வருடத்துக்கு மூன்று பெரிய கேம், ஐந்து வருடத்தில் பதினைந்து என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கன்சோல்காரர் ஒருவர். பெட்டி 54,990. ஆன்லைனில் நண்பர்களோடு ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் எசென்ஷியல் வேண்டும். 2023 செப்டம்பர் உயர்வுக்குப் பின் வருடத்துக்கு ரூ.3,949, ஐந்து வருடத்துக்கு 19,745. புது கேம் வந்த அன்றே வாங்கினால் சோனியின் சொந்தத் தயாரிப்புகள் ரூ.4,999 வரை போகும், பதினைந்துக்கு 74,985. மொத்தம் ரூ.1,49,720.

அதே பதினைந்து கேமை பிசியில் ஆடுபவர் பெட்டி, மானிட்டர், கீபோர்டு, மவுஸுக்கு 75,000, யுபிஎஸ்ஸுக்கு 5,000 கொடுக்கிறார். ஆன்லைனுக்குச் சந்தா இல்லை. பிசி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம் 2015-லிருந்து ரூபாயிலேயே விற்கிறது, இப்போது யுபிஐயிலும் கட்டலாம். சம்மர் சேல், விண்டர் சேல் வரை பொறுத்து வாங்கினால் சராசரி 2,000 என்று வைத்து 30,000. மொத்தம் 1,10,000. விண்டோஸையும் நடுவில் ஒரு கார்டு மாற்றத்தையும் சேர்த்தால் 1,45,000 வரை போய் கன்சோலுக்குப் பக்கத்தில் நிற்கும்.

மூன்றாவதாக இன்னொரு ஆள் இருக்கிறார், இவரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டிஸ்க் டிரைவ் உள்ள கன்சோல், தனியாக ஆடும் கதை கேம்கள் மட்டும், ஆன்லைன் சந்தா கிடையாது. டிஸ்க்கை செகண்ட் ஹேண்டில் வாங்கி, முடித்ததும் விற்றுவிடுவார். ஒரு கேமுக்குக் கைவிட்டுப் போவது 1,500 என்று வைத்தாலும் பதினைந்துக்கு 22,500. ஐந்து வருடத்துக்கு மொத்தமே 77,490. இவரோடு எந்த பிசியும் விலையில் போட்டி போட முடியாது. ஸ்டீமில் வாங்கியதை விற்க வழியே இல்லை. 10,000 ரூபாய் மிச்சம் என்று டிஜிட்டல் மாடல் வாங்குபவர் இந்த வழியை அடைத்துக்கொள்கிறார். என்னைக் கேட்டால் டிஸ்க் டிரைவ் உள்ளதையே வாங்குங்கள்.

பிசி பக்கம் இலவசமும் உண்டு. எபிக் ஸ்டோர் 2018 டிசம்பரிலிருந்து இலவச கேம்கள் கொடுத்துவருகிறது. 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐயே சும்மா கொடுத்தார்கள். கிராக் செய்த கேமை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டேன். உழைத்தவருக்கு உரிய காசு அது. போதாததற்கு, பேங்க் பாஸ்வேர்டு இருக்கும் கம்ப்யூட்டரில் யாரோ உடைத்துக் கொடுத்த பைலை ஓட்டுவது ஆபத்து.

நான் வேலரன்ட்டும் சிஎஸ் 2-வும்தான் ஆடுவேன். எனக்கு எது?

இந்த இரண்டு ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம்களுக்கு 55,000 ரூபாய் கன்சோலும் வேண்டாம், 75,000 ரூபாய் பிசியும் வேண்டாம். சிஎஸ் 2 கன்சோலில் கிடையாது. வேலரன்ட்டின் கன்சோல் பதிப்பில் இருப்பவர் பிசி நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியாது. வேலரன்ட் கிராபிக்ஸ் சக்தியை அதிகம் கேட்காத கேம். ரைசன் 5 5600ஜி போல உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ப்ராசசர், இரண்டு ஸ்டிக் ரேம், நல்ல எஸ்எம்பிஎஸ் போதும். செட்டிங்கைக் குறைத்து வைத்தால் 100 எப்பிஎஸ்ஸை (வினாடிக்கு 100 பிரேமை) தாண்டும். சிஎஸ் 2 கொஞ்சம் திணறும், அதற்கு ரெசல்யூஷனை இறக்க வேண்டியிருக்கும். மிச்சமாகும் பணத்தில் வேகமான மானிட்டர் வாங்குங்கள். பின்னால் சம்பளம் கூடும்போது கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கொள்ளலாம், அதற்காகத்தான் எஸ்எம்பிஎஸ்ஸில் இப்போதே மிச்சம் பிடிக்கக் கூடாது என்கிறேன்.

கரன்ட் பில் எவ்வளவு ஏறும்?

பயப்படும் அளவுக்கு இல்லை. கேம் ஓடும்போது பிளேஸ்டேஷன் 5 சுமார் 200 வாட் இழுக்கும், மேலே சொன்ன பிசி மானிட்டரோடு 300. தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லில் கன்சோலுக்கு 24 யூனிட், பிசிக்கு 36 யூனிட். வித்தியாசம் 12 யூனிட்தான். தமிழ்நாட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று. உங்கள் வீட்டு பில் 480, 490 யூனிட்டில் நிற்கிறதா? 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் அல்ல, 100-க்கும் 200-க்கும் நடுவில் உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணம் ஏறிவிடும்.

யுபிஎஸ் கட்டாயமா?

பிசிக்கு ஆமாம். சின்ன 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட் அளவில்தான். கார்டு திடீரென்று அதிகமாக இழுக்கும் நேரத்தில் கரன்ட் போனால் அது கைவிடும், ஆகவே 1000 விஏ எடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கமோ முன்பக்கமோ யுபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைப் போட்டுவைத்தால் கன்சோல் பெரும்பாலும் அணையாமல் தாங்கும். வோல்டேஜ் அடிக்கடி ஆடும் ஊர் என்றால் கன்சோலுக்கும் யுபிஎஸ் போடுவதே நல்லது.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா வரும்போது வாங்கிவரச் சொல்லலாமா?

பிளேஸ்டேஷன் 5 நம் ஊர் வோல்டேஜில் ஓடும், எந்த நாட்டு கேம் டிஸ்க்கும் அதில் ஓடும். ஆனால் வாரன்டி வாங்கிய நாட்டில்தான். வெளிநாட்டு டிஸ்க்குக்குக் கூடுதல் உள்ளடக்கம் வாங்க நினைத்தால் உங்கள் அக்கவுன்ட்டும் அதே பகுதியில் இருக்க வேண்டும். சுங்க வரி வரம்பைத் தாண்டினால் மிச்சம் பிடித்தது ஏர்போர்ட்டிலேயே போய்விடும். நின்டெண்டோ ஸ்விட்ச் வேண்டுமென்றால் கதை வேறு. அந்த நிறுவனம் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதே இல்லை, எப்படி வாங்கினாலும் இறக்குமதிச் சரக்குதான்.

பையன் கல்லூரியில் சேரப் போகிறான். படிப்புக்கும் உதவ வேண்டும்.

வீட்டில் வேறு கம்ப்யூட்டர் இல்லையென்றால் பிசி. கோடிங், ஆட்டோகேட், வீடியோ எடிட்டிங் எதுவும் கன்சோலில் நடக்காது. கன்சோல் வாங்கிய அடுத்த வருடம் படிப்புக்காக 40,000-க்கு லேப்டாப் வாங்க நேர்ந்தால் அதையும் கன்சோல் கணக்கில்தான் எழுத வேண்டும். ஹாஸ்டலில் தங்கப் போகிறான் என்றால் டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்போது படிப்புக்கு ஒரு சாதாரண லேப்டாப், விடுமுறைக்கு வீட்டு டிவியில் கன்சோல் என்பது இரண்டு செலவையும் தனித்தனியாகத் தள்ளிப்போட வசதியான வழி.

ஜிடிஏ 6-க்காகத்தான் வாங்குகிறேன். பிசியில் வருமா?

ஜிடிஏ கேம்களைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் 2026 நவம்பர் 19 என்று அறிவித்த தேதி பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ்-க்கும்தான். அந்த அறிவிப்பில் பிசி இல்லை. ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பரில் வந்தது, பிசிக்கு 2015 ஏப்ரலில். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு 2018 அக்டோபர், 2019 நவம்பர். அதாவது ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி. முதல் நாளே ஆட வேண்டுமென்றால் கன்சோல்தான், அதை இன்றே வாங்கி வைக்க வேண்டிய அவசியம் இல்லை, வெளியீட்டுக்கு முன் தள்ளுபடி வந்தால் அப்போது எடுக்கலாம். ஏற்கெனவே ஓரளவு பிசி வைத்திருப்பவர் இந்த ஒரு கேமுக்காகக் கிராபிக்ஸ் கார்டை இப்போதே மாற்றாதீர்கள். பிசி பதிப்பு என்ன கேட்கும் என்று அறிவித்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.